நான் அடைத்த ஓட்டை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம், சிவகாசிக்கும் எம். புதுப்பட்டிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர். அதிலும் எங்கள் வீட்டுச் சமையலறை. சமையலறையில் அப்படி என்ன பெரிய அனுபவம் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக மண் அடைக்கிறேன். காகிதக் குழாயின் ஒரு முனையில் களிமண்ணை வைத்து, மரக்குச்சியால் இடித்து இடித்து இறுக்க வேண்டும். அடைப்பு லேசாக இருந்தால் வெடிக்க வேண்டியது வெடிக்காமல் புஸ்ஸென்று போய்விடும். நான் அடைத்த குழாயில் அப்படிப் போனது ஒன்றுகூடக் கிடையாது என்று எங்கள் போர்மேனே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். வாயும் கொஞ்சம் அதிகம் என்று வீட்டுக்காரர் சொல்லுவார், அது கிடக்கட்டும்.

இந்த வேலை பார்த்துப் பார்த்து, ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எலிப் பொந்து, கதவிடுக்கு, தண்ணீர்த் தொட்டி விரிசல் என்று எங்கள் வீட்டில் ஆள் வைத்து அடைத்தது எதுவும் இல்லை. எல்லாம் என் கைவேலைதான். பக்கத்து வீட்டு அக்காகூட அவர்கள் வீட்டுச் சாக்கடையில் எலி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் வீடு ஹாலோ பிளாக் வைத்துக் கட்டிய வீடு. அந்தக் கல்லுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்பக்கம் பூசி, சமையல் மேடைக்கு மேலே டைல்ஸ் ஒட்டி, குடியும் வந்துவிட்டோம். வெளிப்பூச்சை அடுத்த தீபாவளி சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டதில் நாலு சீசன் போய்விட்டது. சமையலறைச் சுவரின் வெளிப்பக்கத்தில், நெஞ்சு உயரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பைப் கொண்டுவருவதற்காகக் கொத்தனார் விட்ட ஓட்டை. பைப் கடைசியில் வேறு வழியாக வந்தது, ஓட்டை அப்படியே நின்றுவிட்டது. அது எப்படி என் கண்ணுக்குத் தப்பியது என்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் வேலிக்கருவேலும் குப்பையும்தான், அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளைப் பெண் பார்க்க விஸ்வநத்தத்தில் இருந்து வருவதாக இருந்தது. மகள் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காலண்டர் டிசைன் செய்கிறாள். ஒரே பிள்ளை. ராகு காலத்துக்கு முன்னால், மூன்று மணிக்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாக வீட்டைக் கழுவித் துடைத்து வைத்தேன். என்ன துடைத்து என்ன, சமையலறையில் மட்டும் ஒரு நாற்றம் போகவே இல்லை. எலி செத்த மாதிரி ஒரு நாற்றம். மேடைக்கு அடியில், பரணில், சிலிண்டருக்குப் பின்னால் என்று எல்லா இடமும் தேடியாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நாற்றம் அந்த ஓட்டைக்குள்ளிருந்துதான் வந்தது.

உள்ளே எலிதான் செத்துக் கிடக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு சம்பந்தம் பேச வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேசரி சாப்பிடுவதா? பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வாளி சிமெண்ட் வாங்கி, மணலைக் கலந்து குழைத்து, செங்கல் துண்டும் சல்லியும் சேர்த்து உள்ளே திணித்தேன். சப்பாத்திக் கட்டையைத் திருப்பிப் பிடித்து, கம்பெனியில் குழாய்க்கு இடிக்கிற மாதிரியே இடித்து இறுக்கினேன். இடிக்கும்போது உள்ளே உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. அடுப்பில் குக்கர் இருந்ததால் குக்கர்தான் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வந்து பார்த்தால் குக்கர் ஆறிப்போய் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாற்றம் குறைந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மகள்தான் முதலில் பார்த்தாள். பல் துலக்கப் பின்பக்கம் போனவள் என்னைக் கூப்பிட்டாள். நான் அடைத்த சிமெண்ட்டின் மேல் ஒரு பறவை தொற்றிக்கொண்டு நின்றது. காவி நிறம், இறக்கையில் கறுப்பு வெள்ளைக் கோடு, நீண்டு வளைந்த அலகு, தலையில் விசிறி மாதிரி கொண்டை. எங்கள் பக்கத்தில் கொண்டைக்குருவி என்போம். கொண்டலாத்தி என்றும் சொல்லுவார்கள். கொஞ்ச நாளாக அது குப்பையைக் கொத்திக்கொண்டு திரிவதை நானும் பார்த்திருந்தேன். அன்றைக்கு அதன் அலகில் ஒரு புழு இருந்தது. சிமெண்ட்டை இரண்டு கொத்து கொத்தும், சறுக்கி விழும், கருவேல மரத்துக்குப் போகும், திரும்பவும் வரும். புழுவை மட்டும் அது விழுங்கவில்லை.

மகள் போனில் தேடிப் பார்த்துப் படித்துச் சொன்னாள். இந்தப் பறவை சுவர் ஓட்டையில் முட்டை வைக்குமாம். பெண் பறவை வெளியே வராமல் அடைகாக்குமாம். குஞ்சு பொரித்த பின்னாலும் கொஞ்ச நாள் கூட்டை விட்டு அசையாதாம். ஆண் பறவைதான் இரை கொண்டுவந்து ஊட்டுமாம். கூட்டை எதுவும் நெருங்கக் கூடாது என்று அது தன் உடம்பிலிருந்தே ஒரு நாற்றத்தை உண்டாக்குமாம். செத்த எலி நாற்றம் என்று நான் நினைத்தது ஒரு தாயின் நாற்றம். நான் அவளை உள்ளே வைத்துப் பூசியிருக்கிறேன்.

ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து, சமையலறை டைல்ஸில் கவிழ்த்து, காதை வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. டம்ளரை ஒரு சாண் கீழே நகர்த்தினேன். உள்ளே சரக் சரக்கென்று லேசாக ஏதோ உரசியது. உயிரோடுதான் இருக்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்காரரை எழுப்பப் போனேன்.

அவர் கம்பெனி லோடு வேன் ஓட்டுகிறவர். பொறுமையான மனிதர். எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அன்றைக்கும் அதையே சொன்னார். மூன்று மணிக்கு ஆள் வரப்போகிறது, இப்போது சுவரை உடைத்துப் போட்டால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், நாளைக் காலையில் முதல் வேலையாக உடைத்துவிடலாம், ஒரு நாள் பொறுக்காதா அந்தக் குருவி என்றார். பொறுப்பதற்கு அது என்ன ரேஷன் கடை வரிசையிலா நிற்கிறது என்று நான் பிடித்துக்கொண்டேன். பேச்சு வளர்ந்தது. பெண்ணைப் பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று அவருக்கும் குரல் ஏறியது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசு வேலை நடக்கிற அறைக்கு ஒவ்வொரு பக்கமும் வாசல் இருக்கும். ஆள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவையும் சாத்தக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் மண் குழைக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவார்கள். அந்தச் சண்டைக்கு ஆறு வருடம் முன்பு, நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் பக்கத்து அறையில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. எனக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது, அது மட்டும் தெரியும். அன்றைக்கு லோடு ஏற்ற வந்திருந்த வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை. அன்றைக்குத்தான் என் வாயில் வந்தது.

"எங்க ரூமுக்கு எதுக்குச் சுத்தி வாசல் வச்சிருக்காகன்னு உங்களுக்குத் தெரியும்ல? அன்னைக்கு அந்த ஒரு கதவ எவளாவது சாத்தியிருந்தா, இன்னைக்கு நான் மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டு நிப்பேனா? அம்புட்டும் தெரிஞ்ச நான் ஒருத்திய உள்ள வச்சு அடைச்சிட்டேனே."

அவர் நேராகப் போய் வேனில் இருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்துவந்தார்.

வெளியே போய் அடைப்பின் மேல் உளியை வைத்து இரண்டு அடி அடித்தார். அடைப்பு அசையவே இல்லை. நான் அடைத்ததாயிற்றே, எப்படி அசையும்? என் கைவேலையை நினைத்து எனக்கே எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான். மூன்றாவது அடிக்கு உள்பக்கம் ஏதோ பெயர்ந்து சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. கூடவே படபடவென்று இறக்கை அடித்தது, அடங்கிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இப்படியே அடித்தால் சல்லி முழுக்க அவள் தலையில்தான் விழும்.

வீடு கட்டிய கொத்தனாருக்குப் போன் போட்டோம். அவர் இருக்கன்குடி கோயிலில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்த, நாங்கள் கத்த, அந்தக் கூத்தில் அரை மணி நேரம் போனது. விஷயம் புரிந்ததும் மனிதர் பளிச்சென்று வழி சொன்னார். அந்த ஓட்டைக்கு ஒரு கல் கீழே வெற்றிடம் முடிந்துவிடும், அதற்கும் கீழே கலவை போட்டு நிரப்பியிருக்கிறேன், பறவை அந்த ஒரு கல்லுக்குள்தான் இருக்கும், வெளியே அடிக்காதீர்கள், உள்பக்கம் ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்தால் போதும் என்றார்.

எந்த டைல்ஸ் என்று டம்ளர் வைத்துப் பார்த்தோம். திராட்சைக் குலை படம் போட்ட டைல்ஸ். சமையலறை முழுக்க வெள்ளை டைல்ஸ், நடுவில் அழகுக்கு அது ஒன்றுதான். கடை கடையாக ஏறி இறங்கி நான் பொறுக்கி எடுத்தது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். சரி, பெயருங்கள் என்றேன்.

பெயர்க்கிற வேலையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரும்பை இரும்பால் ஓங்கி அடிக்கிறதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. எங்கள் வேலையில் எதுவும் அதிராமல், பொறி தெறிக்காமல் செய்ய வேண்டும். சாக்கை நனைத்துச் சுவரில் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்தோம். ஆக்சா பிளேடால் டைல்ஸின் நாலு பக்கத்து இடுக்கையும் அறுத்தோம். கரண்டிக் காம்பை விட்டு நெம்பியதும் திராட்சைக் குலை கீறல்கூட இல்லாமல் கையில் வந்தது. பின்னால் இருந்த பூச்சை ஈரத்தோடு சுரண்டி எடுத்தோம். கல் தெரிந்ததும் சுத்தியலைத் தூரப் போட்டுவிட்டு, உளியின் தலையில் சப்பாத்திக் கட்டையால் தட்டச் சொன்னேன். முந்தின நாள் அடைத்த அதே கட்டைதான்.

முதல் விரிசல் விழுந்ததும் மகள் ஒரு காரியம் செய்தாள். அவள் ஆபீசில் மிஞ்சிய காலண்டர் அட்டைகள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒன்றை வளைத்து, விரிசலுக்குள் சரிவாகச் சொருகினாள். அதற்குப் பிறகு பெயர்ந்த துண்டெல்லாம் உள்ளே விழாமல் அட்டையில் சறுக்கி மேடைக்கு வந்தது. இந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை தெரியாது, போகிற வீட்டில் என்ன செய்யப் போகிறாளோ என்று அந்த வாரம் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அப்படியே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று அந்த இடத்திலேயே சொன்னேன்.

கை நுழைகிற அளவு ஓட்டை விழுந்தபோது மணி இரண்டரை. பக்கத்து வீட்டு அக்கா பஜ்ஜி போட வந்தவர், கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அப்போது உள்ளேயிருந்து வந்தது பாருங்கள் ஒரு சீறல். உஸ்ஸ்ஸென்று நீளமாக, நிறுத்தாமல். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு, "ஏத்தா, பாம்பு" என்று வாசலுக்கு ஓடிவிட்டார். வீட்டுக்காரர் என்னை இழுத்துப் பின்னால் தள்ளிவிட்டு, டைல்ஸை எடுத்து ஓட்டையை மூடிப் பிடித்துக்கொண்டார். பறவையைத் தின்ன பாம்பு போயிருக்கும், இனித் திறக்கக் கூடாது, மூடிவிடலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பயம்தான்.

குஞ்சுகள்கூடப் பாம்பு மாதிரிச் சீறும் என்று போனில் போட்டிருக்கிறது என்றாள் மகள். போனில் ஆயிரம் போடுவான், கையை விடுகிறவன் அவனா என்றார் அவர். அந்த நேரம் பார்த்து வெளியே, கருவேல மரத்திலிருந்து ஊப் ஊப் ஊப் என்று குரல் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலையிலிருந்து வந்துபோகிற அந்த ஆண் பறவைதான். அலகில் மறுபடியும் ஏதோ இருந்தது. உள்ளே பாம்பு என்றால் இந்நேரம் அது தலைதெறிக்கப் பறந்திருக்க வேண்டாமா? கீரியோ பாம்போ நுழைந்தால் சாதாரணக் காக்காயே ஊரைக் கூட்டிவிடும். இது இன்னும் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிடுகிறது. எனக்கு அந்த ஒரு சாட்சி போதும் என்று தோன்றியது. பழைய துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, டைல்ஸை நகர்த்தச் சொல்லிவிட்டு, கையை விட்டேன்.

மெத்தென்று சூடாக ஏதோ பட்டது. இறகு. அவளேதான். மெதுவாக விரல்களைச் சுற்றி மூடினேன். அவ்வளவுதான், சளீரென்று ஒரு தண்ணீர் ஓட்டைக்குள்ளிருந்து பீச்சியடித்தது. என் முகம், கழுத்து, காலையில் இஸ்திரி போட்டுக் கட்டியிருந்த மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலை எல்லாவற்றிலும் தெறித்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. ஒரு வாரமாக வந்தது வெறும் வாசனைதான் என்று அப்போது புரிந்தது. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. மூன்று மணி என்று சொன்னவர்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் ஓடிப்போய் வாங்க வாங்க என்கிறார். அவர் தலையெல்லாம் சிமெண்ட் தூள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா மூன்று பேர்தான். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. நாற்றம் வந்த வழியைப் பிடித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார். நான் சுவருக்குள் கையை விட்டபடி, முகத்தில் அந்தத் தண்ணீர் வழியத் திரும்பிப் பார்த்தேன். மகளைக் கட்டிக்கொடுக்கிற வீட்டார் முன்னால் எந்தத் தாயும் அப்படி நின்றிருக்க மாட்டாள். வெட்கத்தில் கையை வெளியே இழுக்கப் போனேன்.

"கைய எடுக்காதீக மதினி," என்றார் அவர். "எடுத்தா அது மூலைக்குப் போயிரும். நீங்க பிடிங்க, வெளிச்சம் நான் காட்டுதேன்."

மேடையில் கிடந்த மகளின் போனை எடுத்து விளக்கைப் போட்டுக்கொண்டு என் தோளை ஒட்டி வந்து நின்றார். தீப்பெட்டிக் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தவராம், அதை அப்புறம்தான் சொன்னார். அவர் சேலையிலும் தெறித்தது. துடைத்துக்கொண்டாரே தவிர நகரவில்லை. அந்த வெளிச்சத்தில் அவளை வெளியே எடுத்தேன். கொண்டை படிந்து, இறகெல்லாம் சிமெண்ட் தூள் பூசி, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தாள். உள்ளே இன்னும் சீறல் நிற்கவில்லை. இரண்டாவது தடவை கையை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலு குஞ்சு. கண்கூடச் சரியாகத் திறக்காத, கட்டைவிரல் பருமன் உருப்படிகள். பாம்பென்று எங்கள் குடும்பத்தையே ஓட வைத்தது இதுகள்தான்.

தாயைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்க் கையை விரித்தேன். ஒரு நொடி என் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கொண்டையை முழுசாக விரித்தாள், பறந்தாள். கருவேல மரத்துக் கிளையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், அலகில் சுமந்துகொண்டிருந்த இரையை அவன் அவள் வாயில் வைத்தான். எங்கள் எல்லோருக்கும் எதிரில் நடந்தது இது. பக்கத்து வீட்டு அக்கா கை தட்டினார், மாப்பிள்ளையின் அப்பாவும் தட்டினார். வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் துடைக்கிற மாதிரி கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. குஞ்சுகள் இருக்கிற இடத்துக்கு அவள் திரும்பப் போக வேண்டுமே. குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டதால் இனி தாராளமாக அடிக்கலாம். வீட்டுக்காரர் அடித்து ஓய்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா நான்கு அடி அடித்தார். அடைப்பு ஓரம்தான் பெயர்ந்தது. அப்போது என் மகள் மாப்பிள்ளையைப் பார்த்து, சும்மாதானே நிற்கிறீர்கள், நீங்கள் அடியுங்களேன் என்றாளே பார்க்கலாம். பெண் மாப்பிள்ளையிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். அவர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுத்தியலை வாங்கினார். அங்கே அடியுங்கள், இங்கே அடியுங்கள் என்று இவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். இருபது அடியாவது இருக்கும். கடைசியில் அடைப்பு ஒரே கட்டியாக உள்ளே சரிந்தது. சமையலறைப் பக்கத்திலிருந்து நான் அதை வெளியே எடுத்தேன். அடைத்தவளையும் ஒருவர் பாராட்ட வேண்டும் அண்ணாச்சி என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டில் கிடந்த சருகையும் இறகையும் பழையபடி பரப்பி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, சமையலறைப் பக்கத்தைக் கல் துண்டும் காலண்டர் அட்டையும் வைத்து மூடினோம். பிறகு எல்லோரும் உள்ளே வந்து ஜன்னல் ஓரம் நின்றுகொண்டோம். நான் தொட்ட குஞ்சுகளை அவள் சேர்த்துக்கொள்வாளா என்பதுதான் எனக்குப் பயம். பத்து நிமிடம் ஆனது, வரவில்லை. இருபது நிமிடம் ஆனது. கேசரி ஆறியது, பஜ்ஜி நமத்துப்போனது. யாரும் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

முதலில் அவன் வந்தான். ஓட்டையின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அப்புறம் அவள் வந்தாள். சுவரில் தொற்றி நின்று, இந்தப் பக்கம் ஒரு தரம் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். சடக்கென்று உள்ளே போய்விட்டாள். டம்ளரை வைத்துக் கேட்டேன், சீறல் நின்றிருந்தது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷம் மகள் பிறந்தபோதுகூட வந்ததா என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் மேலும் ஒரே நாற்றம், யாருக்கு யார் அருவருப்பது?

மாப்பிள்ளையின் அப்பாதான் வந்த காரியத்தை ஞாபகப்படுத்தினார். பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார். அவள் தலையில் சிமெண்ட்டும் கையில் அட்டைப் பெட்டியுமாக அவர் எதிரிலேயேதான் நின்றாள். "இனிமே என்னத்தப் பாக்க, எல்லாந்தான் பாத்தாச்சே" என்றார் அவர் மனைவி. ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அதே வருடம் வெளிப்பூச்சும் முடிந்தது. கொத்தனார் அந்த ஓட்டையை மட்டும் விட்டு, சுற்றிலும் வட்டமாக விளிம்பு கட்டிக் கொடுத்தார். திராட்சைக் குலை மறுபடியும் அதன் இடத்துக்குப் போய்விட்டது. மாசி பிறந்துவிட்டால் காலையில் எழுந்ததும் சமையலறையில் மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன். போன வருடமும் அந்த நாற்றம் வந்தது, இந்த வருடமும் வந்தது. வந்ததும் மகளுக்குப் போன் செய்து சொல்லிவிடுவேன்.

நான் இன்றைக்கும் அதே வேலைக்குத்தான் போகிறேன். காலையில் அறைக்குள் நுழைந்ததும், உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு கதவாகப் போய் நன்றாகத் திறந்து, காற்றுக்குச் சாத்திவிடாமல் கல் வைத்துவிட்டு வருகிறேன். இத்தனை வருடத்தில் எத்தனை லட்சம் குழாய் அடைத்திருப்பேன் என்று எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் என் கை பார்த்த வேலையிலேயே நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால், நானே அடைத்த அந்த ஒரு ஓட்டையைத் திறந்ததுதான் என்று சொல்லுவேன்.